மலையடியில் நின்றுபோன நீல பஸ்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வெளியே மைனஸ் பதினேழு. தேநீர் போட்டேன். அன்றைய வேதபகுதியை வாசித்தேன். என் விண்ணப்பங்களை வழக்கமான வரிசையில் சொல்லி ஜெபித்தேன். முதலில் மகள், பிறகு கணவர், பிறகு சபை, கடைசியில் என் முழங்கால் வலி. டவுன்டவுனில் உணவகச் சமையலறை வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவருக்குச் சோற்றையும் பருப்பையும் மூடி வைத்துவிட்டு இறங்கினேன்.

பஸ் தரிப்பிடத்தில் பனி அள்ளப்படாமல் கிடந்தது. பஸ்ஸும் தாமதம். இப்படியான நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏறும்போது கையுறையைச் சற்று இறக்கி, டிரைவருக்குத் தெரியும்படி மணிக்கூட்டைப் பார்ப்பேன். ஒன்றும் சொல்லமாட்டேன். பார்ப்பது மட்டும்தான். அன்றும் பார்த்தேன். டிரைவர் ஒரு பெண். "பொன்ஜூர், மடாம்" என்றாள். நான் பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

இதை வாசிக்கும் விசுவாசிகளில் என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் மட்டக்களப்பு, இப்போது இருப்பது பிரெஞ்சு பேசும் இந்தப் பனி நகரத்தில். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் அலுவலகத்தில் வேலை. விடியற்காலை வரும் லொறிகளை எதிர்பார்த்திருந்து, வந்த நேரத்தைப் பதிந்து, பெட்டிகளைச் சரிபார்த்து உள்ளே எடுப்பிப்பது என் பொறுப்பு. பிந்தி வரும் டிரைவர்களிடம் காரணம் கேட்பதும் நான்தான். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை "மடாம் ஓர்லோஜ்", அதாவது மணிக்கூட்டம்மா, என்று சொல்வது எனக்குத் தெரியும். அதை நான் ஒரு குறையாக எடுத்ததில்லை.

எங்கள் ஒரே பிள்ளை ரூத். வயது இருபத்தொன்று. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாய வளாகத்தில் படிக்கிறாள். ஜனவரியில் அவளும் வேறு சில மாணவர்களும் உருளைக்கிழங்கு வகைகளைப் பற்றிப் படிக்கப் பேராசிரியரோடு பெரு நாட்டுக்குப் போனார்கள். அன்டீஸ் மலையில் கூஸ்கோ என்ற நகரம். எங்கள் நுவரெலியாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். போன முதல் நாட்களில் படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்று சொன்னாள். பிறகு பழகிவிட்டது.

பெப்ரவரி தொடக்கத்தில் அவளுக்குக் காதில் சீழ் பிடித்தது. அந்த வாரம்தான் எல்லாரும் அரெகிப்பா என்ற, தாழ்வான வேறொரு நகரத்துக்கு விமானத்தில் போக வேண்டியிருந்தது. டொக்டர் இவளை விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். செவிப்பறை தாங்காதாம். சில நாள் ஓய்வெடுத்துவிட்டு பஸ்ஸில் மெதுவாகப் போகலாம் என்றார். மற்றவர்கள் போய்விட்டார்கள். என் பிள்ளை தனியே.

பஸ்ஸில் போகலாம் என்று சொல்வது சுலபம். அந்தப் பாதை கூஸ்கோவிலிருந்து நேரே இறங்குவதில்லை. இன்னும் மேலே ஏறி, ஒரு கணவாயைக் கடந்து, அதற்குப் பிறகுதான் இறங்குகிறது. ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். அதுவும் அங்கே மழைக்காலம். ஃபோனில் அந்தப் பாதையின் பெயரைப் போட்டுத் தேடினால் வருவதெல்லாம் மண்சரிவும், பள்ளத்தில் கிடக்கும் பஸ்களும். என் பிள்ளை அப்படி ஒரு படத்துக்குள் போய்விடக் கூடாது. எனக்கு இருந்த பயம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்தோடு சாப்பிட முடியவில்லை, வேலை செய்ய முடியவில்லை.

ஆகவே பஸ்ஸை நானே தெரிவு செய்வது என்று முடிவெடுத்தேன்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட எரிச்சலை எழுதினால் சிரிப்பீர்கள். எல்லாம் ஸ்பானிய மொழி. ஃபோன் அதை மொழிபெயர்த்துத் தந்தது. ஒரு பஸ்ஸுக்கு "கட்டில்" என்று இருந்தது, இன்னொன்றுக்கு "அரைக் கட்டில்". கதிரை எவ்வளவு தூரம் சாய்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளங்கவே ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. சபையில் ஆலோசனை கேட்டேன். ஒருவர் இரவில்தான் பாதை வெறிச்சென்று இருக்கும், இரவு பஸ்ஸே நல்லது என்றார். இன்னொருவர் மேல்தட்டில் முன் இருக்கை எடுத்தால் காட்சி பார்க்கலாம் என்றார். நான் காட்சி பார்க்கவா பிள்ளையை அனுப்புகிறேன்?

நானே சில நிபந்தனைகளை வகுத்துக்கொண்டேன். பகலில் ஓட வேண்டும். இரண்டு டிரைவர்கள் இருந்து மாறி மாறி ஓட்ட வேண்டும். கீழ்த்தட்டில் இருக்கை, அதில் இடுப்புப் பட்டி. வழியில் கைகாட்டினால் நிறுத்தி ஆள் ஏற்றாமல், பஸ் நிலையத்திலிருந்து மட்டும் புறப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நேரத்தை மதிக்காத டிரைவர் பிரேக்கையும் மதிக்கமாட்டான் என்பது என் நம்பிக்கை.

கடைசியில் இரண்டு கொம்பனிகள் மிஞ்சின. ஒன்றின் பஸ்கள் சிவப்பு, மற்றது நீலம். பெயர்கள் வேண்டாம். பயணிகள் எழுதியிருந்தவற்றை வாசித்தேன். சிவப்பைப் பற்றி, சொன்ன நேரத்துக்கு முன்பே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள் என்று பலர் பாராட்டியிருந்தார்கள். நீலத்தைப் பற்றி ஒரே முறைப்பாடு. கண்ட இடத்தில் நிறுத்துகிறார்கள். டிரைவர் இறங்கி நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னேரம் சேர வேண்டிய நாங்கள் இருட்டில் சேர்ந்தோம்.

எனக்கு வேறு என்ன வேண்டும்? சிவப்புத்தான். ஆண்டவரே, அந்தச் சிவப்பு பஸ்ஸில் கீழ்த்தட்டில் ஒரு இருக்கை கொடும் என்று முழங்காலில் நின்று கேட்டேன்.

அவர் கொடுக்கவில்லை. அந்த இணையத்தளம் என் கார்ட்டை ஏற்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி மறுத்தது. அதற்கும் பிறகு என் வங்கி, யாரோ என் கார்ட்டைத் திருடிவிட்டதாக நினைத்து அதைப் பூட்டிவிட்டது. வங்கிக்கு ஃபோன் எடுத்து, நான்தான் நான் என்று நிரூபித்து முடிப்பதற்குள் சிவப்பு பஸ்ஸில் இடம் முடிந்துவிட்டது. அன்றைக்கு நான் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது? இவ்வளவு சின்ன விஷயம்தானே கேட்டேன் என்று சொல்லி, ஆமென் கூடச் சொல்லாமல் எழும்பினேன்.

ரூத் ஃபோன் எடுத்தாள். "அம்மா, நான் பஸ் நிலையத்துக்குப் போய் நீல பஸ்ஸில டிக்கெட் எடுத்திட்டன். செவ்வாய் காலமை ஏழு மணி. கீழ்த்தட்டு. பெல்ட் இருக்கு. இரண்டு டிரைவர். ஸே கொரெக்ட்? சரிதானே?"

"நீலமா? அது பிந்துற கொம்பனி எண்டு சொன்னன்தானே மகள்."

"பிந்தினா என்ன, அம்மா? எனக்கு அங்க கலியாணமா நடக்குது?"

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நான் மேலே எழுதிய நாள். எங்களுக்கும் கூஸ்கோவுக்கும் அப்போது ஒரே நேரம். நான் அலுவலகத்துக்குப் போய் மேல்சட்டையைக் கழற்றவும் ரூத்தின் வீடியோ அழைப்பு வரவும் சரியாக இருந்தது. பஸ் நிலையத்தில் நின்றாள். காதில் பஞ்சு, தலையில் கம்பளித் தொப்பி. முகம் தெளிவாக இருந்தது. "பஸ்ஸைப் பாருங்க" என்று ஃபோனைத் திருப்பினாள்.

நீல பஸ். கழுவித் துடைத்திருந்தார்கள். முன் சில்லுக்குப் பக்கத்தில் சீருடை போட்ட, நரைத்த தலை மனிதர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பியர் போத்தல்.

"யார் அந்த ஆள்?"

"அவர்தான் டிரைவர். டொன் வாலெந்தீன். வாலெந்தீன் ஐயா எண்ட மாதிரி."

டிரைவர். காலை ஏழு மணிக்கு. பியர் போத்தலோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பியரை முன் சில்லில் ஊற்றினார். சுற்றிப் போய் மற்றச் சில்லிலும் ஊற்றினார். வாய் எதையோ முணுமுணுத்தது.

"ரூத், இறங்கு. அந்த பஸ்ஸில ஏறாத."

"அம்மா, நான் இன்னும் ஏறவே இல்ல."

"ஏறாத எண்டுதான் சொல்றன். அந்த ஆள் வெறியில நிக்கிறான்."

"அவர் குடிக்கேல்ல, அம்மா. இங்க எல்லாரும் பயணத்துக்கு முதல் இப்படித்தான் செய்வினம். மண்ணுக்குக் குடுக்கிறது. டிரைவர்மாரை ஊத வைச்சுப் பார்த்துத்தான் வெளியில விடுறாங்க. நான் என்ர கண்ணால பார்த்தன்."

"அது இன்னும் மோசம். குடிச்சிருந்தாலும் பரவாயில்ல, இது சாமி கும்பிடுற வேலை. ஆண்டவருடைய பிள்ளை நீ, அதில ஏறிப் போகப் போறியா?"

ரூத் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, "அம்மா, பஸ் வெளிக்கிடுது. இறங்கினதும் எடுக்கிறன்" என்றாள். திரை இருண்டது.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து அவளுக்காக ஜெபிக்கிறேன். அவளை ஒரு பஸ்ஸிலிருந்து இறக்க என்னால் முடியவில்லை. கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் கோவா மரக்கறி ஏற்றிய லொறி பனியில் பிந்தி வந்து நின்றது. அந்த டிரைவர் பாவம், என் கோபம் முழுவதையும் வாங்கிக்கொண்டான். வழியில் சறுக்கி நின்ற கார்களைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் கேட்கவில்லை.

மத்தியானம் கணவர் எழும்பியிருப்பார் என்று ஃபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பெயர் அருள். பதற்றப்படத் தெரியாத மனிதர். இந்த விஷயத்திலும் அதுதான் எனக்கு எரிச்சல்.

"பியரை ஆள் குடிக்கேல்லத்தானே? சில்லுத்தானே குடிச்சது" என்றார்.

"பகிடி விடாதீங்க."

"இஞ்ச பாரும். முறிகண்டியில பிள்ளையார் கோயிலடியில நிக்காமப் போன பஸ்ஸை நீர் எப்பவாவது கண்டிருக்கிறீரா? டிரைவர் இறங்கித் தேங்காய் உடைச்சுப் போட்டு வருவான். அவன் வாறவரைக்கும் நீர் உள்ளுக்க இருந்து கச்சான்கடலை தின்ற ஆள்தானே. அந்த பஸ்ஸில எல்லாம் யாழ்ப்பாணம் போய்ச் சேரேல்லையா?"

"அது வேற."

"என்ன வேற?"

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. எங்கள் அப்பா மெதடிஸ்த சபையில் பிரசங்கம் செய்தவர். அவர்கூட அந்தக் கோயிலடியில் பஸ்ஸைவிட்டு இறங்கமாட்டாரே தவிர, யன்னலால் கையை நீட்டிக் கச்சான் வாங்குவார்.

பஸ் பின்னேரம் ஆறு மணிக்கு அரெகிப்பாவில் சேர வேண்டும். ஆறு மணிக்கு எந்தச் செய்தியும் இல்லை. ரூத்தின் ஃபோன் மணியே அடிக்கவில்லை. ஆறரைக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை எங்கள் ஜெபக்கூட்டம், பார்க்-எக்ஸ்டென்ஷனில் மேரி அக்கா வீட்டில். மேரி அக்கா யாழ்ப்பாணத்தவர். எங்கள் கூட்டத்தை நடத்துகிறவர். அவர் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டேன். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். மேரி அக்கா தொடங்கினார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையைப் பத்திரமாக் காத்துக்கொள்ளும்."

நான் மெல்ல அவர் கையைத் தொட்டேன். "அக்கா, கெதியாப் போய்ச் சேர வேணும் எண்டும் சொல்லுங்கோ. ஆறு மணிக்குச் சேர வேண்டிய பஸ்."

மேரி அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஆண்டவருக்கு டைம்டேபிளும் குடுக்கவேணுமோ, பிள்ளை?"

இரண்டொருவர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சொல்லுங்கோ, அக்கா" என்றேன். அவரும் சொன்னார். கெதியாய்ப் போய்ச் சேரட்டும் என்று எல்லாரும் சேர்ந்து கேட்டோம். அப்போது ஏழு மணி.

எட்டு மணியளவில், நான் இன்னும் மேரி அக்கா வீட்டில் இருக்கும்போதே, கணவர் உணவகச் சமையலறையிலிருந்து ஃபோன் எடுத்தார். அவரோடு வேலை செய்யும் பெரு நாட்டவர் ஒருவர் பஸ் கொம்பனிக்குப் பேசி விசாரித்திருக்கிறார்.

"பஸ் நிக்குதாம்" என்றார்.

"நிக்குதெண்டா? பழுதா?"

"பழுதில்ல. கணவாய்க்குக் கீழ ஒரு கிராமம். அதில டிரைவர் நிப்பாட்டிப் போட்டாராம். நல்ல மழை. வழியில பிந்தினதால கணவாய்க்குப் போக இருட்டிப் போகுமாம். காலமைதான் எடுப்பாராம்."

"மற்ற பஸ்கள்?"

"சிவப்பு பஸ் போயிட்டுதாம்" என்றார்.

எனக்குள் என்ன நடந்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். பயம் போய்விட்டது. கோபம் மட்டும்தான் இருந்தது. நான் கேட்ட பஸ் போகிறது. நான் வேண்டாம் என்ற பஸ், நான் வேண்டாம் என்ற மனிதனோடு, மலையடியில் இருட்டில் என் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறது. மேரி அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவரே, அந்த ஆளை எழுப்பும், அவன் பஸ்ஸை எடுக்கட்டும் என்று கேட்டேன். கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை. லொறி டிரைவரிடம் பேசுவது போலப் பேசினேன். ஏன் தாமதம், காரணம் என்ன, எப்போது எடுப்பாய் என்று.

வீட்டுக்கு வந்தேன். ஒன்பது மணி தாண்டி, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, நான்தான். பயப்படாதீங்க. இது இங்க ஸ்கூல் வாத்தியாரம்மாவின்ர ஃபோன்."

அவள் குரலைக் கேட்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

ரூத் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலையிலிருந்து மழை. ஓரிடத்தில் பாதையில் விழுந்த கற்களை அகற்றும்வரை நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கிராமத்துக்கு வந்தபோது ஐந்து மணி. டொன் வாலெந்தீன் பஸ்ஸை நிறுத்தி, மற்ற டிரைவரையும் கூட்டிக்கொண்டு மழையில் கொஞ்சத் தூரம் மேலே நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தினார். இருட்டில் அந்தக் கணவாயில் ஏறமாட்டேன், வெளிச்சத்தில்தான் போவேன் என்றார். பயணிகள் கத்தினார்கள். ஒருவர் அவரைக் கோழை என்றார். இன்னொருவர் கொம்பனியில் முறைப்பாடு எழுதப்போவதாகச் சொல்லி ஃபோனில் அவரைப் படம் பிடித்தார். அவர் பஸ் படியில் இருந்து பாண் சாப்பிட்டார். இருட்டிய பிறகு, ஏழு மணிக்குச் சற்று முன், சிவப்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அப்போது இன்னும் கூடக் கத்தினார்களாம்.

"நீயும் கத்தினியா?" என்று கேட்டேன்.

"இல்ல, அம்மா. உங்களை நினைச்சன். நீங்க இருந்திருந்தா மணிக்கூட்டைக் காட்டியிருப்பீங்க."

பிறகு சொன்னாள். ஏழு மணி போல மேலே ஒரு சத்தம் கேட்டதாம். இடி என்று முதலில் நினைத்தார்களாம். மலையின் ஒரு பக்கம் பாதைக்கு மேல் வந்துவிட்டது. கிராமத்திலிருந்து ஆட்கள் மண்வெட்டியும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். டொன் வாலெந்தீனும் போனார். சிவப்பு பஸ் இரண்டு சரிவுகளுக்கு நடுவில் அகப்பட்டு, மூக்கு சேற்றில் புதைந்து நின்றது. முன்கண்ணாடி போய்விட்டது. கண்ணாடி வெட்டிப் பலருக்குக் காயம். ஒருவருக்குக் கை முறிவு. உயிர்ச்சேதம் இல்லை. அவர்களை ஒவ்வொருவராக நடத்திக்கொண்டு வந்து, நீல பஸ் பயணிகளை இரவு தங்கவைத்திருந்த அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ரூத் எடுத்துப் போன கம்பளிப் போர்வையை, குளிரில் நடுங்கிய ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டாளாம்.

ஏழு மணி. மேரி அக்கா வீட்டில் நாங்கள் முழங்காலில் நின்று, பஸ் கெதியாய்ப் போய்ச் சேரட்டும் என்று கேட்ட நேரம்.

சகோதர சகோதரிகளே, அன்றிரவு நான் நிலத்திலிருந்து எழும்பவில்லை. அழுதேன். ஆனால் அது நிம்மதியால் மட்டும் வந்த அழுகை இல்லை. வெட்கமும் இருந்தது. இன்னும் தீராத எரிச்சலும் இருந்தது. நான் போட்ட நிபந்தனைகளில் முதலாவது, பகலில் மட்டும் ஓட வேண்டும் என்பது. அதை நானே மறந்துவிட்டு, இருட்டில் ஓட்டு என்று நெருக்கினேன். அதை மறக்காமல் காப்பாற்றியவர், பியரைச் சில்லில் ஊற்றிய அந்த மனிதர். என் பிள்ளையைப் பத்திரமாய்க் காத்துக்கொள்ளும் என்று மேரி அக்கா கேட்பதற்கு முன்பே ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார். அந்தப் பதிலை மாற்றச் சொல்லித்தான் நான் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை பிடித்தேன். அவர் என் பேச்சைக் கேட்காமல் விட்டதற்காக நன்றி சொல்கிறேன்.

அந்தப் பியர் ஊற்றுதல் எனக்கு இன்றும் சம்மதமில்லை. சபையில் யாரும் நான் அதை நியாயப்படுத்துகிறேன் என்று எடுக்க வேண்டாம். ஆனால் கர்த்தர் யாருடைய கையால் உதவி அனுப்புவார் என்பதை என்னிடம் கேட்டு முடிவு செய்வதில்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போதும் சில நாட்களில் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவப்பு பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். அவர்களும் எங்கேயோ முழங்காலில் நின்றிருப்பார்கள். என் பிள்ளை தப்பினாள், அவர்களின் பிள்ளைகள் காயப்பட்டார்கள் என்பதை வைத்து என் ஜெபம் பெரிது என்று சொல்ல என்னால் முடியாது. அதற்கு என்னிடம் விளக்கமும் இல்லை. அவர்கள் எல்லாரும் உயிரோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதற்காகவும் நன்றி சொல்கிறேன்.

பாதையைத் துப்புரவாக்கியபின், புதன்கிழமை மத்தியானம்தான் டொன் வாலெந்தீன் பஸ்ஸை எடுத்தார். அன்றிரவு ரூத் அரெகிப்பாவில் இறங்கினாள். இறங்கும்போது பயணிகள் வரிசையில் நின்று அவருக்குக் கை கொடுத்தார்களாம். கோழை என்றவரும் கொடுத்தாராம். காது நன்றாக ஆறிவிட்டது. ஏப்ரலில் வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போது உங்களுக்காக ஒரு வார்த்தை. உங்களில் யாராவது ஒரு கதவைத் தட்டிக்கொண்டே இருந்து, அது திறக்காமல் எரிச்சலோடு இருக்கலாம். விசா வராமல் இருக்கலாம். வேலை கிடைக்காமல் இருக்கலாம். பொறுமையாய் இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே அது இல்லை. எரிச்சலோடே ஜெபியுங்கள். கோபத்தோடே போய் முழங்காலில் நில்லுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். அது எந்த நிறத்தில், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். பிந்துகிறதே என்று தோன்றும்போது, உங்களுக்காக யாரோ ஒருவர் மழையில் இறங்கி நடந்து போய்ப் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, அந்த இரவுக்கு அடுத்த நாள், பெப்ரவரி 12, புதன்கிழமை. அழுத களைப்பில், பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக நேரம் பிந்தி எழுந்தேன். தேநீரும் இல்லை, வாசிப்பும் இல்லை. ஓடிப்போய் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜெபத்தை அங்கேயே நின்று செய்தேன். வரிசை மாறியது. என் மகளுக்கும் முன்னால் டொன் வாலெந்தீன் என்ற பெயரைச் சொன்னேன். பஸ் தாமதமாகத்தான் வந்தது. கதவு திறந்தது. அதே பெண் டிரைவர். நான் ஏறும்போது அவள் கண் என் கைக்குத்தான் போனது. கையுறையை மணிக்கூட்டுக்கு மேலே நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, "பொன்ஜூர்" என்றேன்.